அரங்கேற்ற நகை: வடசேரி வெள்ளியா, கெம்பு இமிடேஷனா, வாடகையா, பாட்டி நகையா?

பொண்ணோட பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு தேதி குறிச்சாச்சு, ஹால் புக் பண்ணியாச்சு, டீச்சர் ஒரு லிஸ்ட் கையில குடுத்துட்டாங்க, அதுல தலைசாமான்ல (தலைக்குப் போடற நகைங்க) ஆரம்பிச்சு ஒட்டியாணம் வரைக்கும் எழுதியிருக்கு, இப்ப இதை எங்க வாங்கறது எதுல வாங்கறதுன்னு முழிக்கறோம்... இந்தக் கேள்வி மார்கழி சீசனுக்கு முன்னாடியும் கோடை லீவுக்கு முன்னாடியும் தவறாம வரும். ஒருத்தர் வாங்கினா நாகர்கோவில் பக்கத்து வடசேரி வெள்ளி நகை தான்ம்பாங்க, இன்னொருத்தர் ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு செலவு, வாடகைக்கு எடுங்கம்பாங்க, மாமியார் பீரோவைத் திறந்து எங்கம்மா போட்ட அட்டிகை சும்மா தானே கிடக்குன்னுவாங்க. மூணு பேர் சொல்றதும் தப்பில்ல. ஆனா எந்த வீட்டுக்கு எது பொருந்தும்ங்கறது வேற வேற.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ஆட்ட நகை வாங்கப் போனா எல்லாரும் முன்பக்கத்தைத் தான் பாக்கறாங்க, கல்லு எப்படி மின்னுது, டிசைன்ல மயில் இருக்கா அன்னம் இருக்கான்னு. பத்தாவது வரிசையில உக்காந்திருக்கற பெரியப்பாவுக்கு வெள்ளில தங்க ரேக்கு (மெல்லிசு தங்கத் தகடு) ஒட்டினதும் பித்தளையில பாலிஷ் போட்டதும் ஒண்ணு மாதிரி தான் தெரியும். வர்ணம்ங்கற நீளமான உருப்படியில மூணாவது ஜதி ஆடும்போது நெத்திச்சுட்டி நகந்து புருவத்துல வந்து தொங்கினா மட்டும் அவருக்கும் தெரியும். அதனால நகையைத் திருப்பி பின்பக்கத்தைப் பாத்து வாங்குங்க. கீழ எழுதியிருக்கறது முழுக்க அந்தக் கண்ணோட எழுதினது தான்.

இந்த சிவப்புக் கல்லு எங்கேருந்து வந்துச்சு

கோயில் நகைங்கறது முதல்ல சாமிக்குப் போட்டது. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜனும் அவர் அக்கா குந்தவையும் குடுத்த நகைகளோட கணக்கு இருக்கு, படிச்சா அசந்து போவீங்க. எத்தனை கழஞ்சு பொன்னு, எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம்னு மட்டும் இல்ல, அதுல புள்ளி விழுந்தது இருக்கு, விரிசல் விட்டது இருக்கு, குழி இருக்கறது இருக்குன்னு குறையையும் சேத்து கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. எடை போடும்போது உள்ள வெச்ச அரக்கையும் சேத்து தான் எடைன்னும் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு நகைக்கடை பில்லுல இந்த அளவுக்கு நேர்மை கிடைச்சா கொண்டாடலாம்.

கோயில்ல ஆடின தேவதாசிகள் போட்டது நிஜத் தங்கம், நிஜக் கல்லு. 1935ல ருக்மிணி தேவி அடையாறுல மேடை ஏறினாங்க, 1936ல அவங்க ஆரம்பிச்ச கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி வந்துச்சு, 1947ல பொண்ணுங்களைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டு பொட்டுக்கட்டறதைத் தடை பண்ணி மெட்ராஸ் சட்டம் வந்துச்சு. ஆட்டம் கோயிலை விட்டு சபா மேடைக்கும் மிடில் கிளாஸ் வீட்டுக்கும் வந்தப்ப, அதே தோற்றம் வேணும் ஆனா அவ்வளவு தங்கத்துக்கு எங்க போறதுங்கற கேள்வியும் கூடவே வந்துச்சு. இன்னைக்கு மயிலாப்பூர் மாட வீதியில தொங்கற செட்டெல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த பதில் தான்.

கல்லு பக்கம் வேற கதை. 1902ல வெர்னாய்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் தீச்சுவாலையில மாணிக்கம் உருக்கி வளக்கற முறையை வெளியிட்டார். அதுக்கப்புறம் செயற்கை சிவப்புக் கல்லு மலிஞ்சு போச்சு. கெம்புன்னு நம்ம ஊர்ல சொல்ற சிவப்புக் கல்லு நகையோட அழகு, பட்டை தீட்டாம மொழுமொழுன்னு குமிழ் மாதிரி இருக்கற கல்லும் அதுக்குப் பின்னாடி வைக்கற பளபளா தகடும் தான், எண்ணெய் விளக்கு வெளிச்சத்துலயும் உள்ளேருந்து கனல் எரியற மாதிரி தெரியும். இந்த மூடின கட்டடம் (கல்லைப் பின்பக்கம் மூடிக் கட்டற முறை), பின்னாடி தகடுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வர்ற பாதி பிரச்சனை இதுல தான் இருக்கு.

எதை வெச்சு முடிவு பண்றது

விலையை முதல்ல பாக்காதீங்க. இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுக்கோங்க.

ஒண்ணு, மேடையில நிக்குமா. ரெண்டு ரெண்டரை மணி நேர மார்க்கம், அதாவது ஆட்ட வரிசை, அலாரிப்புல தொடங்கி தில்லானா வரைக்கும், நடுவுல வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல. கொக்கி, வளையம், கனம் எல்லாம் அதைத் தாங்கணும்.

ரெண்டு, வேர்வை. உலோகம் என்ன ஆகும், தோல் என்ன ஆகும்.

மூணு, அரங்கேற்றத்துக்கு அப்புறம் எத்தனை தடவை போடப் போறா. இது தான் பெரிய கேள்வி, இதுக்கு தான் யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டாங்க. பிளஸ் டூ முடிச்சு காலேஜ் போனதும் சலங்கையைக் கழட்டி வெக்கற பிள்ளைங்க தான் நிறைய. அது தப்பும் இல்ல. ஆனா நகை அதுக்குத் தக்க இருக்கணும்.

நாலு, உடைஞ்சா யார் சரி பண்ணுவா. அஞ்சு, வேண்டாம்னா வித்தா என்ன கிடைக்கும்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு டேபிள். மத்தவங்க கீழ படிங்க.

| எது | கையை விட்டுப் போற காசு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| வடசேரி வெள்ளி | ரொம்ப அதிகம் | காத்திருப்பு, கனம், வித்தா பாதி கூட வராது | தொடர்ந்து ஆடப் போறவங்க |
| கெம்பு இமிடேஷன் | சில ஆயிரம் | பாலிஷ் மங்கறது, கல்லு கறுக்கறது, ஸ்பேர் | பெரும்பாலான வீடு |
| கவரிங், ஒன் கிராம் | குறைவு | ரீ பாலிஷ், தோல் அரிப்பு | வளையல், மோதிரம் மாதிரி சில்லறை சாமான் |
| வாடகை | ரொம்பக் குறைவு | டெபாசிட், கடைசி நேர ஏமாற்றம் | ஒரே மேடை, ஸ்கூல் ஆண்டு விழா |
| வீட்டுப் பழைய நகை | ஒண்ணும் இல்ல | பயம், பழுது | ஒரு அட்டிகை, ஒரு ஜோடி தோடு அளவுக்கு |

வடசேரி வெள்ளி செட்

நாகர்கோவில்ல வடசேரி. 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர், அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கு நகை செஞ்ச கைகள். நாகர்கோவில் கோயில் நகைன்னு புவிசார் குறியீடே இருக்கு.

வேலை இப்படி நடக்கும். வெள்ளித் தகட்டுல உருவத்தை வெட்டுவாங்க, ஒவ்வொரு கல்லுக்கும் சுவர் எழுப்பி குழி கட்டுவாங்க, குழிக்குள்ள அரக்கு, அதுமேல கல்லு, கல்லைச் சுத்தி சொக்கத் தங்க ரேக்கை கூர் கருவியால அழுத்தி அழுத்தி இடைவெளி இல்லாம ஒட்டுவாங்க. தலையில ஒரு பக்கம் வெக்கற சின்ன சூரியப்பிறையிலயே எத்தனை கல்லுன்னு எண்ணிப் பாருங்க, கூலி ஏன் அவ்வளவுன்னு புரிஞ்சிடும். கையில எடுத்தா ஓரம் எங்கயும் கீறாது, பின்பக்கம் வழவழன்னு இருக்கும், வளையம் எல்லாம் உருக்கி ஒட்டி பத்த வெச்சிருப்பாங்க, சும்மா வளைச்சு விட்டிருக்க மாட்டாங்க. பாத்துப் பாத்து வெச்சிருந்தா அம்மா போட்டதை மக போடலாம், அப்படி ரெண்டு தலைமுறை ஓடற செட் எத்தனையோ வீட்ல இருக்கு.

இப்ப மறுபக்கம். முழு செட் சேத்தா விலை பல பத்தாயிரம், கனமா எடுத்தா லட்சத்தையும் தாண்டும், வெள்ளி விலை போற போக்குல இன்னும் ஏறும். ஆர்டர் குடுத்தா உடனே வராது, வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆகும், அரங்கேற்றத்துக்கு முந்தின மாசம் போய் நின்னா கடையில இருக்கறதைத் தான் தருவாங்க. கனம் இன்னொரு விஷயம், பத்து பன்னெண்டு வயசுக் குழந்தைக்கு முழு வெள்ளில ஜடை நாகம் (பின்னல்ல கட்டற நகை) கட்டி விட்டீங்கன்னா பின்மண்டை வலியில அபிநயம் எங்கேருந்து வரும்.

வெள்ளி தானே, என்னைக்கும் காசு தானேன்னு நினைச்சு வாங்காதீங்க. விக்கப் போனா அரக்கு எடை கழியும், கல்லு எடை கழியும், தங்க ரேக்கை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க, கூலி போனது போனது தான். நல்ல விலை வேணும்னா இன்னொரு ஆடற பொண்ணுக்கு அப்படியே செட்டா குடுக்கணும், அது தான் வழி. அப்புறம் செம்பு அடியில செஞ்சதும் இதே பேர்ல கடையில இருக்கும், பாக்க வித்தியாசம் தெரியாது. அதனால வெள்ளி எத்தனை கிராம்னு பில்லுல தனியா எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னு இழுத்தா அடுத்த கடைக்குப் போங்க.

அரக்கு சூட்டுக்கு இளகும். சித்திரை வெயில்ல காருக்குள்ள நகைப் பெட்டியை விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க. வெந்நீர்ல முக்கிக் கழுவறதும் கூடவே கூடாது.

கெம்பு இமிடேஷன் செட்

மேடையில நீங்க பாக்கற பத்துல எட்டு இது தான்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. அடியில பித்தளையோ செம்போ, மேல தங்க பாலிஷ், சிவப்பு பச்சைக் கண்ணாடிக் கல்லு, கீழ பிளாஸ்டிக் முத்து. சில ஆயிரத்துல தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் ஒரே டிசைன்ல வந்துடும். எடை குறைச்சல், குழந்தைக்கு சுகம்.

இதுலயே நல்லது கெட்டது ஏகப்பட்டது இருக்கு, இங்க தான் திருப்பிப் பாக்கற வேலை. கல்லை நகத்தால ஓரத்துல அழுத்திப் பாருங்க, லேசா ஆடினா பசையில மட்டும் ஒட்டியிருக்கு. கல்லைச் சுத்தி உலோக விளிம்பு மடக்கியிருந்தா நிக்கும். விளிம்புல பசை வழிஞ்சு காஞ்சிருந்தா வைங்க கீழே. ஒரு மெல்லிசு துணியை மேல இழுத்துப் பாருங்க, நூல் மாட்டிச்சுன்னா பட்டு காஸ்ட்யூம்லயும் மாட்டும், முடியிலயும் மாட்டும். நெத்திச்சுட்டியோட கொக்கி, காதுலேருந்து முடிக்குப் போற மாட்டலோட வளையம், ஒட்டியாணத்து கீல், இந்த மூணு இடமும் தான் முதல்ல போகும். வளையத்துல இடைவெளி தெரிஞ்சா வாங்கின அன்னைக்கே ஆசாரிகிட்ட குடுத்து பத்த வெச்சுடுங்க, சின்ன காசு தான்.

பாலிஷ் நிறமும் பாருங்க, கடை வெளிச்சத்துல இல்ல, வாசல்ல வந்து. எலுமிச்சை மஞ்சள் அடிச்சா மேடை எல்இடி வெளிச்சத்துல இன்னும் மோசமா இருக்கும், வீடியோல கேக்கவே வேணாம். கொஞ்சம் மங்கின செம்பொன் நிறம் தான் முகத்துக்கு அழகு.

மறைஞ்ச செலவு என்னன்னா, கல்லுக்குப் பின்னாடி தகடு இருக்குன்னு சொன்னேன்ல, அங்க வேர்வையோ ஈரமோ போச்சுன்னா தகடு கறுத்து கல்லு செத்த மாதிரி ஆயிடும், அதுக்கு வைத்தியம் கிடையாது, கல்லை மாத்தணும். ஹேர் ஸ்ப்ரே, சென்ட், பவுடர் எல்லாம் அடிச்சு முடிச்ச பிறகு தான் நகை ஏறணும். கழட்டினதும் காஞ்ச பஞ்சுத் துணியில துடைச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனி ஜிப் கவர்ல காத்தை அமுக்கி வெச்சா நாலஞ்சு வருஷம் கூட தாராளமா வரும். ஆடி முடிச்ச களைப்புல எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டா அடுத்த வருஷம் பச்சையா களிம்பு பூத்துக் கிடக்கும்.

வெளிநாட்ல இருக்கறவங்களுக்கு, டொராண்டோ லண்டன் பக்கம் அரங்கேற்றம் வெக்கற வீடுங்களுக்கு, என் ஓட்டு பெரும்பாலும் இதுக்குத் தான், ஏன்னா அங்க கெம்பு கல்லு பதிக்கற ஆசாரியைத் தேடி அலைய முடியாது, ஊர்லேருந்து வாங்கும்போதே மாட்டல் ரெண்டு ஜோடி, ஒட்டு மூக்குத்தி ரெண்டு, உதிரிக் கல்லு ஒரு பொட்டலம் சேத்து வாங்கிட்டா நிம்மதி.

கவரிங், ஒன் கிராம், ரோல்டு கோல்டு

இதை ஆட்டத்துக்கு முழு செட்டா நான் சொல்ல மாட்டேன், சுருக்கமா முடிச்சிடறேன். சிதம்பரம் கவரிங், ஆந்திரால மசூலிப்பட்டினத்து சிலகலபூடி ரோல்டு கோல்டு எல்லாம் பேர் போனது, தினசரி போடற செயினுக்கும் வளையலுக்கும் நல்லது. ரோல்டு கோல்டுன்னா நியாயமா தங்கத் தகட்டை சூட்டுலயும் அழுத்தத்துலயும் வேற உலோகத்து மேல சேத்தது, 1840ல இங்கிலாந்துல எல்கிங்டன் மின்முலாம் பேட்டன்ட் வாங்கினதுக்கப்புறம் அந்த வேலை கரன்ட்ல சுலபமா முடிய ஆரம்பிச்சது, இன்னைக்கு எந்தப் பேர்ல வித்தாலும் அநேகமா மின்முலாம் தான். ஒன் கிராம்னு பேர் இருக்கறதால ஒரு வளையலுக்கு ஒரு கிராம் தங்கம் இருக்கும்னு கணக்குப் போடாதீங்க.

பாத்துக்க வேண்டியது தோல். முலாமுக்கு அடியில நிக்கல் பூச்சு இருந்தா சிலருக்கு காது மடல் சிவந்து நீர் வடியும். ஐரோப்பால நிக்கலுக்கு 1994லயே கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. காதுல இந்தத் தொல்லை இருக்கற பிள்ளைக்கு ஜிமிக்கி எதுல வேணா இருக்கட்டும், காது ஓட்டைக்குள்ள போற தண்டு மட்டும் வெள்ளிலயோ தங்கத்துலயோ மாத்திக் குடுங்க. இது இமிடேஷன் கெம்புக்கும் சேத்து தான்.

வாடகை

ஸ்கூல் ஆண்டு விழா, கோயில்ல ஒரே ஒரு பாட்டு, சலங்கை பூஜை, இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு வாடகை. டான்ஸ் டிரஸ் வாடகைக்கு விடற கடையிலயே நகையும் குடுப்பாங்க.

அரங்கேற்றத்துக்கு யோசிக்கணும். பல தலை பாத்த நெத்திச்சுட்டி, கொக்கி தேஞ்சிருக்கும், ஒரு பக்கம் கல்லு இருக்காது, சூரியன் ஒரு செட்லயும் சந்திரன் வேற செட்லயும் வரும். சீசன்ல முந்தின நாள் ராத்திரி தான் கையில கிடைக்கும், போட்டுப் பாக்க நேரம் இருக்காது. டெபாசிட்ல ஒரு கல்லுக்கு இவ்வளவுன்னு பிடிப்பாங்க, ஏற்கனவே இல்லாத கல்லுக்கும் சேத்து. எடுக்கும்போதே கடைக்காரர் முன்னாடி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்துடுங்க. வீட்ல ரெண்டாவது குழந்தையும் ஆடறதுன்னா வாடகையை விட வாங்கறது லாபம். மூக்குத்தி, தோடு மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க, சொந்தமா இருக்கட்டும், சுத்தம்னு ஒண்ணு இருக்கு.

பாட்டி நகை

மனசு இங்க தான் போகும், எனக்கும் தான். பழைய கெம்பு அட்டிகையில கல்லு ஒண்ணுக்கு ஒண்ணு நிறம் பொருந்தாது, ஒண்ணு மாதுளை முத்து சிவப்பு, பக்கத்துல ஒண்ணு ரோஸ், கை வேலைன்னு பாத்ததும் தெரியும். எந்த மிஷின் செட்டும் அந்த அழகுக்குக் கிட்ட வராது.

ஆனா மேடைக்கு முன்னாடி மூணு விஷயம். பழசு அரக்கு காஞ்சு சுருங்கியிருக்கும், காதுக்கிட்ட வெச்சு லேசா ஆட்டினா உள்ள கிலுகிலுன்னு சத்தம் வந்தா கல்லு பிடிப்பு விட்டிருக்கு, ஆடினா உதிரும். ரெண்டாவது, அது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. எல்லா பழைய சிவப்புக் கல்லும் பர்மா மாணிக்கம் இல்ல, வெர்னாய் கல்லு வந்து 100 வருஷத்துக்கு மேல ஆச்சு, பாட்டி கல்யாணத்துக்கே செயற்கைக் கல்லு தான் வெச்சிருக்கலாம். பூதக்கண்ணாடில வளைஞ்ச கோடும் குமிழியும் தெரிஞ்சா செயற்கை, ஆனா மூடின கட்டடத்துல அதைப் பாக்கறது கஷ்டம், தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. தங்கமும் அப்படித்தான். 1963ல கோல்ட் கன்ட்ரோல்ங்கற தங்கக் கட்டுப்பாடு வந்து புதுசா செய்யற நகை 14 காரட்டைத் தாண்டக் கூடாதுன்னாங்க, அந்த 14 காரட் கட்டுப்பாட்டை சில வருஷத்துலயே தளர்த்திட்டாங்க, கோல்ட் கன்ட்ரோல் சட்டம் போனது 1990ல. ஹால்மார்க் கட்டாயம் ஆனதே 2021ல தான், அதனால வீட்டுப் பழசுல முத்திரை இல்லைன்னு பயப்பட வேண்டாம், முத்திரை இல்லாததால சுத்தம்னும் நம்ப வேண்டாம். கடையில காரட் மெஷின்ல வெச்சுக் காட்டறது மேல்பரப்பை மட்டும் தான் படிக்கும், உள்ள ஒட்டறதுக்குச் சேத்த பொடி (கலப்பு உலோகம்) எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது.

மூணாவது பயம். கழுத்துல நிஜத் தங்கம் போட்டு அனுப்பிட்டு கிரீன் ரூம்ல யார் வர்றா யார் போறான்னு காவல் காக்கற அம்மா, மக ஆடறதை எங்கே பாக்கறது. காஸ்ட்யூம் மாத்தற அந்த அஞ்சு நிமிஷத்துல கழட்டி வெச்ச நகையை எங்க வெச்சோம்னு தேடற வீடு நிறைய பாத்திருக்கேன். அட்டிகையும் தோடும் மட்டும் பாட்டியோடதா இருக்கட்டும், போட்டு விடறதும் கழட்டறதும் ஒரே ஆள் கையில இருக்கட்டும், அந்தாள் அன்னைக்கு வேற எந்த வேலைக்கும் போகக் கூடாது. சேராத நகையைச் சேக்கறதுக்காக பழசை உருக்கி புது டிசைன் பண்ணலாம்னு கடையில சொல்வாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், உருக்கினா கிடைக்கறது எடை மட்டும் தான்.

கலந்து கட்டினா

நான் யாருக்காவது லிஸ்ட் போட்டுக் குடுத்தா பெரும்பாலும் கலவையா தான் இருக்கும். தலைசாமான் நல்லதா இருக்கணும், முடிஞ்சா அது மட்டும் வடசேரி வெள்ளி, ஏன்னா முகத்துக்கிட்ட இருக்கறது அது தான், கேமரா குளோசப் போறதும் அங்க தான், நகந்தா கெடுக்கறதும் அது தான். ஜடை நாகம் எடை குறைவா இமிடேஷன். நீள மாலை, மேல் கையில போடற வங்கி ரெண்டும் இமிடேஷன். ஒட்டியாணம் இமிடேஷனே போதும் ஆனா கீல் கெட்டியானது, வளர்ற பிள்ளைன்னா பின்னாடி செயின் நீளம் கூட்டிக்கற மாதிரி. வளையல், மோதிரம் கவரிங். அட்டிகை பாட்டியோடது இருந்தா அது.

நிறம் ஒத்துப் போகுமான்னு கேப்பீங்க. வெள்ளி செட்டோட தங்க ரேக்கு நிறத்துக்கும் பித்தளை பாலிஷுக்கும் வித்தியாசம் உண்டு, தலைசாமானைக் கையோட எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுப் பாத்து மத்ததை வாங்குங்க, ஆன்லைன் போட்டோவை நம்பி இதைப் பண்ண முடியாது.

எது வாங்கினாலும் அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னாடி முழு நகையோட ஒரு ஒத்திகை வெச்சுடுங்க, வர்ணமும் தில்லானாவும் மட்டுமாவது. எது நழுவுதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சிடும், அந்த இடத்துல கறுப்பு நூல் போட்டு முடியோட சேத்துக் கட்டிடலாம். சூரியப்பிறை ஆடறவளோட வலது பக்கம், சந்திரப்பிறை இடது பக்கம். மேக்கப் போடறவங்களுக்கு இது தெரியும், ஆனா காலையில அஞ்சு மணி அவசரத்துல கண்ணாடியில பாத்து மாத்தி வெச்சுடறாங்க, ஒரு தடவை நேர்ல நின்னு சரி பாத்துடுங்க.